எண்பது வயது ஆ மாவுக்கு எந்த உருவம்?

பினாங்கில் எங்கள் பக்கத்து வீட்டு ஆ மாவுக்கு இந்த வருடம் எண்பது. ஹொக்கியன் என்ற சீன மொழி பேசும் வீடுகளில் அப்பாவின் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய பேரப்பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த என் பிள்ளைகளுக்கும் அவர் ஆ மாதான். பிறந்தநாள் விருந்துக்கு, சிவப்பு உறையில் பணம் வைத்த அங்பாவ் கொடுப்பது எப்படியும் உண்டு. ஆனால் எண்பதுக்கு அது போதாது, சுவரிலோ அலமாரியிலோ நிலைத்து நிற்கும் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆசை. சீன நாட்டார் கலையில் அதற்கென்றே நீண்ட ஆயுளும் நற்பேறும் தரும் தெய்வங்கள் வரிசையாக நிற்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

இதில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் இன்னொரு பெரியவரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு, ஒரு கடையில் ஆயுள் தரும் தாத்தா வேண்டும் என்று கேட்டு ஒரு பீங்கான் பொம்மை வாங்கினேன். வெள்ளைத் தாடி, கைத்தடி, சிரித்த முகம், எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் தலையில் தொப்பி, கையில் படகு வடிவப் பொற்கட்டி. அவர் மண்ணைக் காக்கும் தெய்வம், ஆயுள் தெய்வம் அல்ல. அந்த வீட்டார் முகம் கோணாமல் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, அவருக்கு உரிய இடமான தரையோர மாடத்தில் வைத்தார்கள். அவர்கள் காட்டிய அந்தப் பண்பால்தான், இந்தமுறை முதலில் விசாரித்துவிட்டு வாங்குவது என்று முடிவு செய்தேன். விசாரித்ததில் தெரிந்ததை, இதே கேள்வியோடு கடைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆயுள் தாத்தா. பெயர் ஷோவ்ஷிங். ஷோவ் என்றால் நீண்ட ஆயுள், ஷிங் என்றால் விண்மீன். அடையாளம் நெற்றிதான். முன்பக்கம் புடைத்து உயர்ந்த வழுக்கைத் தலை, தொப்பி கிடையாது. ஒரு கையில் முண்டும் முடிச்சுமான நீண்ட கோல், அதில் பெரும்பாலும் ஒரு சுரைக்குடுக்கை தொங்கும். மறு கையில் பீச் பழம். பக்கத்தில் மானோ கொக்கோ நிற்கும். பொற்கட்டியைப் பார்த்தால் அது வேறு ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இவருக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. ஷோவ்ஷிங் என்று சீனர்கள் கண்ட விண்மீன் கனோபஸ். நாம் அகத்தியர் என்று சொல்கிறோமே, அதே விண்மீன். சென்னையில் அது தென்வானில் சுமார் 24 பாகை உயரம் வரை ஏறும், பினாங்கில் இன்னும் மேலே. ஆனால் பழைய சீனத் தலைநகரான சாங்ஆனில் அடிவானத்துக்கு மேல் 3 பாகைதான் எழும். புழுதியோ மூடுபனியோ இருந்தால் கண்ணில் படாது. பெய்ஜிங்கில் எழுவதே இல்லை. அப்படி எப்போதாவது தெற்கே தலைகாட்டிவிட்டு மறைவதால்தான் அதைக் காண்பதே பேறு ஆயிற்று. சுமார் 2100 ஆண்டுகளுக்கு முன் எழுதிய வரலாற்றாசிரியர் சீமா சியான், தென்முனை முதியவர் என்ற இந்த விண்மீன் தெரிந்தால் நாட்டில் அமைதி, தெரியாவிட்டால் போர் என்று குறித்திருக்கிறார். சம இரவு நாளை ஒட்டிய இலையுதிர் காலத்தில், நகரின் தெற்குப் புறத்தில் நின்று அதைத் தேடிப் பார்ப்பது வழக்கம் என்றும் சொல்கிறார். ஆக, நாட்டின் நலத்தைச் சொன்ன விண்மீன் காலப்போக்கில் மனிதரின் ஆயுளுக்குக் காவலாகி, கோல் ஊன்றிய கிழவராக வீட்டுக்குள் வந்துவிட்டது. பொதிகையில் உட்கார்ந்த குறுமுனியும் கோல் ஊன்றிய இந்த முதியவரும் ஒரே ஒளியிலிருந்து பிறந்தவர்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது. சீனப் புத்தாண்டுப் பெருநாள் சமயத்தில், இரவு ஒன்பது மணி வாக்கில், சிரியஸுக்குக் கீழே தெற்கு நோக்கிப் பாருங்கள், இருப்பார்.

தாத்தாக்களுக்கு ஷோவ்ஷிங்கைக் கொடுத்தால் தவறே வராது. அறுபதுக்கும் கொடுக்கலாம், எண்பதுக்கும் கொடுக்கலாம். அறுபதுக்குச் சீனரிடத்திலும் தனி மதிப்பு உண்டு. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள் சுழல்வதுபோல அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு, அது ஒரு சுற்று முடிந்து பிறந்த ஆண்டே திரும்புகிறது. நம் அறுபதாம் கல்யாணம் மாதிரி என்று சொன்னால் இங்கே சீன நண்பர்களுக்கு உடனே புரிகிறது.

ஆனால் எங்கள் ஆ மா பெண். ஷோவ்ஷிங்கைக் கொடுத்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை, எனினும் பழைய வழக்கம் வேறு. அதற்கு வருமுன், கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் காட்டும் மூவரைப் பார்த்துவிடலாம்.

ஃபூ, லூ, ஷோவ். ஹொக்கியனில் ஹோக் லோக் சியூ. ஃபூ நற்பேறு, லூ பதவியும் அதன் ஊதியமும், ஷோவ் நம் தாத்தாவேதான். மலேசியாவில் பல சீன வீடுகளின் கண்ணாடி அலமாரியில் இந்த மூவரையும் பார்க்கலாம். சீன எழுத்தை முன்பு வலமிருந்து இடமாகப் படித்ததால், பார்க்கிறவரின் வலப்பக்கம் ஃபூ, நடுவில் லூ, இடப்பக்கம் ஷோவ் என்பது மரபான வரிசை. வாங்குகிறவர்கள் வரிசை மாற்றி வைத்துவிடுவது சகஜம், அதனால் பெட்டிக்குள் ஒரு சின்னக் குறிப்பு வைத்துக் கொடுப்பது நல்லது.

மூவரில் என் மனம் தங்கியது ஃபூவிடம். அவர் யார் என்பதற்குக் கதைகள் பல. வியாழன் கோளே ஃபூ என்பார்கள். ஆசி வழங்கும் வானுலக அதிகாரி என்பார்கள். மக்கள் சொல்லும் இன்னொரு கதை மண்ணில் நடந்த ஒன்றைத் தொட்டு நிற்கிறது. தாங் வம்சத்தில், 8ஆம் நூற்றாண்டின் இறுதியில், யாங் செங் என்பவர் இன்றைய ஹூனான் பகுதியில் இருந்த தாவ்ஜோ என்ற ஊருக்கு ஆளுநராகப் போனார். குள்ளமானவர்களை ஆண்டுதோறும் அரண்மனைக்குத் திறைப்பொருளாக அனுப்ப வேண்டும் என்பது அந்த ஊருக்கு இருந்த கட்டளை. அரண்மனையில் அவர்கள் வேடிக்கைக்காக வைத்துக்கொள்ளப்பட்டவர்கள். பிள்ளையைப் பிரிந்து அழுகிற வீடுகளைப் பார்த்த யாங் செங் அனுப்புவதை நிறுத்திவிட்டார். தலைநகரிலிருந்து கேட்டு ஆள் வந்தபோது, எங்கள் ஊரில் எல்லோருமே குள்ளம், இதில் யாரை அனுப்புவது என்று தெரியவில்லை என்று பதில் எழுதினார். அந்தத் திறை அத்தோடு நின்றது. ஊர் மக்கள் பிறகு அவரை நற்பேற்றின் தெய்வமாகவே வணங்கினார்கள் என்பது கதை. நற்பேறு என்ற சொல்லுக்கு, யாரும் வந்து உன் பிள்ளையைப் பிடித்துப் போகமாட்டார்கள் என்பதைவிடச் சரியான பொருள் எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு பிடித்திருந்தும் மூவரை நான் விலக்கியதற்குக் காரணங்கள் உண்டு. லூ என்பது அரசுத் தேர்வில் தேறி, பதவி ஏறி, சம்பளம் வாங்குகிறவருக்கான ஆசி. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு, கடை திறப்பவருக்கு, புது வீடு புகும் குடும்பத்துக்கு இந்த மூவர் அருமையான பரிசு. எண்பது வயதில் பதவி எதற்கு? இதற்கும் கைவினைஞர்கள் வழி கண்டிருக்கிறார்கள். சில செட்டுகளில் லூவின் கையில் ஒரு குழந்தை இருக்கும், அப்போது அது வம்சம் தழைக்கும் ஆசியாகிவிடுகிறது. வேறு சில ஊர் வேலைகளில் குழந்தை ஃபூவிடம் இருக்கும். ஒருவேளை மூவரைத்தான் வாங்குவது என்றால், குழந்தை உள்ள செட்டைத் தேடி வாங்குங்கள். அப்புறம், பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. ஆ மாவின் மருமகளிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன், கூடத்து அலமாரியில் மூவரும் இருபது வருடமாக நிற்கிறார்களாம்.

இப்போது பழைய வழக்கம். ஆணுக்கு ஷோவ்ஷிங், பெண்ணுக்கு மாகூ.

மாகூ கிழவி அல்ல, பதினெட்டுப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் தோற்றம். தோளில் பூக்கூடை தொங்கும் களைக்கொத்து, கையில் மதுக்குடமோ பீச் பழத் தட்டோ, கூடவே ஒரு மான். மேற்கின் அரசன்னை ஷீவாங்மூவுக்கு மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் பிறந்தநாள். அவருடைய தோட்டத்துப் பீச் மரங்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் காய்க்கும். அந்த விழாவுக்கு, சாகாவரக் காளானான லிங்ஜியிலிருந்து மது வடித்துக் கொண்டுபோனவள் மாகூ. அதனால் மாகூ ஆயுளைக் காணிக்கையாகக் கொண்டுவருகிறாள் என்ற தலைப்பில் தலைமுறை தலைமுறையாக வரைந்து வருகிறார்கள்.

அவளைப் பற்றி 4ஆம் நூற்றாண்டில் கே ஹொங் எழுதிவைத்த கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டு விருந்துக்கு வந்த மாகூ சொல்கிறாள்: நான் இந்தப் பணிக்கு வந்த நாளிலிருந்து கீழைக்கடல் மூன்று தடவை வற்றி மல்பெரித் தோட்டமானதைப் பார்த்துவிட்டேன், இப்போதும் தண்ணீர் முன்பைவிடப் பாதியாகத்தான் இருக்கிறது, மறுபடி நிலமாகப் போகிறதோ என்னவோ. பார்க்கச் சின்னப் பெண், பேச்சிலோ யுகங்கள். கடல் வயலாவது என்ற இந்தத் தொடரைச் சீனர்கள் இன்றும் உலகம் அடையாளம் தெரியாமல் மாறிப்போனதைச் சொல்லப் பயன்படுத்துகிறார்கள். அதே விருந்தில் அவளுடைய விரல் நகங்கள் பறவையின் நகம்போல நீண்டிருப்பதைப் பார்த்த வீட்டுக்காரர், முதுகு சொறிய எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மனதுக்குள் நினைக்கிறார். கண்ணுக்குத் தெரியாத சாட்டை அவர் முதுகில் விழுகிறது. 771இல் பெயர்பெற்ற எழுத்துக் கலைஞர் யான் ஜென்சிங், ஜியாங்ஷி பகுதியில் மாகூவின் பெயர் தாங்கிய மலையில் இருக்கும் அவளுடைய பீடத்தைப் பற்றி ஒரு கல்வெட்டு எழுதினார். அந்த எழுத்தை இன்றும் மாணவர்கள் பார்த்து எழுதிப் பழகுகிறார்கள்.

மாகூவை வாங்குவதில் ஒரு சிரமம், அவளைப் போலவே கூடை சுமந்த தேவதைப் பெண்கள் சீன ஓவியத்தில் நிறைய. பூத் தூவுகிற பெண்ணும், எண்மரில் ஒருத்தியான ஹே ஷியாங்கூவும் எளிதில் ஏமாற்றிவிடுவார்கள். ஹே ஷியாங்கூவின் கையில் தாமரை இருக்கும். பீச் பழமும் மதுக்குடமும் மானும் ஒன்றாக இருந்தால் மாகூ என்று நம்பி வாங்கலாம்.

எண்மர் என்றேனே, அவர்களும் பிறந்தநாளுக்கு உரியவர்கள்தான். எட்டு சித்தர்கள் கூட்டமாகக் கடல் தாண்டி அரசன்னையின் பிறந்தநாளுக்கு வருகிற காட்சி. ஒவ்வொருவருக்கும் ஒரு கருவி: விசிறி, வாள், ஊன்றுகோலும் குடுக்கையும், மூங்கில் பறை, தாமரை, பூக்கூடை, புல்லாங்குழல், தாளக்கட்டை. ஆட்களை விட்டுவிட்டு இந்த எட்டுக் கருவிகளை மட்டும் வரைகிற வழக்கமும் உண்டு, மறைந்த எண்மர் என்பார்கள். நம்மூர்ச் சீன வீடுகளில் கல்யாணம், பெருநாள், பெரியவர் பிறந்தநாள் என்றால் வாசல் நிலைக்கு மேலே சிவப்புத் துணியில் பொன்னிழைப் பின்னலாக எண்மரையும் தொங்கவிடுவார்கள். பழைய கைப்பின்னல் கிடைத்தால் அதன் அழகே தனி, உருவங்களின் உடம்பு பஞ்சு வைத்துப் புடைத்து நிற்கும். ஆனால் அது வீட்டுக்கும் விழாவுக்கும் உரிய பரிசு. விழா முடிந்தால் மடித்துப் பெட்டிக்குள் போய்விடும். ஆ மாவின் கண்ணில் தினம் பட வேண்டும் என்று நினைத்த எங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

தெய்வ உருவமே வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டிய வீடுகளும் உண்டு. கிறிஸ்தவராக மாறிய சீனக் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு மாகூவைக் கொடுத்துத் தர்மசங்கடப்படுத்தக் கூடாது. தெய்வமில்லாத படங்களே அவர்களுக்குப் பொருந்தும். சீன நாட்டார் கலையின் பெரிய செல்வமே அவற்றில்தான் இருக்கிறது, சொற்களின் ஒலி ஒற்றுமையில். வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒரே ஒலி, ஃபூ. மானுக்கும் பதவி ஊதியத்துக்கும் ஒரே ஒலி, லூ. ஆகவே ஒரு வௌவால், ஒரு பீச் பழம், இரண்டு காசுகள் வரைந்தால், நற்பேறும் ஆயுளும் இரண்டுமே நிறைக என்று ஒரு முழு வாக்கியம் ஆகிவிடும். நாம் வௌவாலைக் கண்டால் விரட்டுவோம், அவர்கள் பட்டில் தைத்துக்கொள்கிறார்கள். ஐந்து வௌவால்கள் வட்டமாகச் சுற்றினால் ஐந்து பேறுகள்: நீண்ட ஆயுள், செல்வம், நோயற்ற நிம்மதி, அறத்தில் நாட்டம், கடைசியாக, உரிய காலத்தில் நல்ல சாவு. மிகப் பழைய நூலான ஷாங்ஷூவில் இந்த ஐந்தும் இதே வரிசையில் இருக்கின்றன. நல்ல சாவையும் பேறுகளில் ஒன்றாக எண்ணி, அதைப் பிறந்தநாள் பரிசிலேயே வரைகிற நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கிறது. படுக்கையில் கிடக்காமல் போய்விட வேண்டும் என்று நம் பாட்டிகள் சாமியிடம் வேண்டுவது இதுதானே.

பூனையும் வண்ணத்துப்பூச்சியும் உள்ள படத்தையும் சும்மா அழகுக்கு என்று கடந்துவிடாதீர்கள். பூனை மாவ், வண்ணத்துப்பூச்சி தியே. மாவ்தியே என்று சேர்த்துச் சொன்னால் எழுபது, எண்பது தாண்டிய மூப்பு. எண்பதாவது பிறந்தநாளுக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வமில்லாத படம் இல்லை, பூனை வளர்க்கும் பாட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம். நூறு விதமாக எழுதிய ஷோவ் எழுத்தும் நல்ல தேர்வு. குவாங்ஷியின் யோங்ஃபூவில் ஒரு பாறைக் குகையில் 1229இல் வெட்டிய அப்படியொரு நூறு இருக்கிறது, ஒரு பெரிய ஷோவுக்குள் சின்னச் சின்ன ஷோவ்கள்.

கொக்கில் மட்டும் கொஞ்சம் கவனம். பைன் மரத்தடியில் கொக்கு நின்றால் நீண்ட ஆயுள். ஆனால் கொக்கில் ஏறி மேற்கே போனார் என்பது இறந்தவரைப் பற்றிச் சொல்லும் மரியாதைச் சொல். மரமும் பாறையும் இல்லாமல் ஒற்றைக் கொக்கு பறந்துபோகிற படத்தை நான் வாங்க மாட்டேன். சுவர்க் கடிகாரம் பதித்த படங்களும் வேண்டவே வேண்டாம், கடிகாரம் கொடுப்பது என்ற சொல்லும் இறுதிக்கடன் செய்வது என்ற சொல்லும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். கறுப்புப் புலியில் வரும் செல்வ தெய்வம் ஜாவ் கொங்மிங் கடைக்கு உரியவர். பேயோட்டி ஜொங் குய், தாமரையும் பெட்டியும் ஏந்திய இணைபிரியா இருவர் ஆகியோரும் வேறு வேளைகளுக்கு உரியவர்கள். இருவர் படம் கல்யாணத்துக்கு அழகு.

எதில் செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். பீங்கான் என்றால் ஜிங்தேஜெனின் பல வண்ண வேலை பிறந்தநாள் களைக்குப் பொருந்தும். தேஹுவாவின் தூய வெள்ளைப் பீங்கான் உலகப் புகழ் பெற்றது, எனக்கும் பிடித்தது, ஆனால் விருந்து நாளில் வெள்ளையை விரும்பாத பெரியவர்கள் உண்டு என்பதால் தவிர்த்தேன். மரக்கட்டை அச்சுப் படங்களில் ஊருக்கு ஒரு கை. தியான்ஜினை அடுத்த யாங்லியூசிங்கில் கோடுகளை அச்சிட்டு முகங்களைத் தூரிகையால் தீட்டுவார்கள், அதனால் முகத்தில் மென்மை தெரியும். ஹெனானின் ஜூஷியான்ஜென் படங்களில் தடித்த கோடு, பளிச்சென்ற வண்ணம். சூஜோவின் தாவ்ஹுவாவூவும் பழம்பெரும் கூடம். இவையெல்லாம் 2006இல் சீன அரசின் முதல் தேசிய மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றவை. இந்தப் படங்கள் முதலில் வருடத்துக்கு ஒருமுறை ஒட்டிக் கிழித்து மாற்றுவதற்காகவே செய்யப்பட்டன, தாள் மெல்லியது. பினாங்கின் ஈரக் காற்றில் கண்ணாடிச் சட்டம் போடாமல் கொடுத்தால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

இன்னொன்று, நாள். பல வீடுகளில் பிறந்த அன்றே ஒரு வயது என்று கணக்கு. சிலர் பத்துகளைத் தவிர்த்து எழுபத்தொன்பதிலேயே எண்பதைக் கொண்டாடிவிடுவார்கள். அட்டையில் எண் எழுதுவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. மருமகளிடம் அதையும் கேட்டேன்.

கடைசியில் யாங்லியூசிங் பாணியில் தீட்டிய மாகூ படம் ஒன்றை வாங்கி, சிவப்பு விளிம்பு வைத்துச் சட்டம் போட்டோம். மான் கொஞ்சம் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிறது என்று என் மகள் சொன்னாள். எனக்கு அதன் முகம் பிடித்திருந்தது.

விருந்தன்று பீச் பழ வடிவில் பிடித்து ஆவியில் வேகவைத்த இனிப்பு பாவ்களுக்கு நடுவே ஆ மா படத்தை மடியில் வைத்துப் பார்த்தார். மாகூ என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. கடல் வயலான கதையைப் பேத்திக்கு ஹொக்கியனில் சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். கல்யாணமான புதிதில் கர்னி டிரைவில் அவர் அலையைப் பார்த்து உட்கார்ந்திருந்த கரையோரம் கடலைத் தூர்த்து இப்போது பூங்கா வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி எனக்கும் புரியட்டும் என்று மலாயில் சொன்னார்: இவள் மூன்று தடவை பார்த்துவிட்டாள், நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், இன்னும் இரண்டு பாக்கி.